புதுப்பிப்பு: எபோனைட் பேனாவின் கசிவு நின்றது

லேத்தில் கடைந்த என் முதல் எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) பேனாவில், நிப் பொருந்தும் முன்பகுதியான கழுத்தின் மரையில் மை கசிகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. மரையில் தப்பில்லை, கழுத்து வந்து உட்காரும் பேனா உடலின் விளிம்புதான் சமமாக இல்லை. விளிம்பில் மார்க்கர் மை தடவித் திருகிப் பார்த்தேன், பாதி வட்டத்தில்தான் கறை ஒட்டியது. மயிரிழை அளவு சீவிவிட்டு, மரையில் சிலிக்கோன் கிரீஸும் தடவினேன். உடல் நிறைய மை ஊற்றிப் பத்து நாளாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், ஒரு சொட்டு வரவில்லை!

அப்புறம், மூடிக்கு மூன்று தொடக்க மரை (மூன்று புரிகள் பக்கம் பக்கமாக ஓடுவது) போட்டேன்: 13 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த புரிகளின் இடைவெளி). ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. நகர்வதால் சட்டென்று மூடுகிறது. எபோனைட் கடைந்தால் கையில் ஒட்டும் அந்தக் கந்தக வாசனைகூட எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இனி பாலிஷ்தான் பாக்கி.