டவர் பக்கத்து தெருவுலயே நிக்குது, ஆனா எங்க வீட்டுல சிக்னல் இல்ல. ஏன்?

ஒத்தக்கடை_பய:
எங்க வீடு ஒத்தக்கடையில யானைமலைக்குப் பக்கம். பக்கத்து தெருவுல ஒசரமா ஒரு டவர் இருக்கு, மொட்டை மாடில நின்னு அண்ணாந்து பாக்குற அளவுக்குக் கிட்ட, ஆனா வீட்டுக்குள்ள ஒரு கோடுதான் காட்டுது, போன் வந்தா கேக்குதா கேக்குதான்னு கத்திக்கிட்டே வாசலுக்கு ஓடணும். நாலு தெரு தள்ளி சித்தி வீட்டுல ஃபுல் சிக்னல்! இதுல எங்கப்பா வேற டவர் கதிர்வீச்சு பூரா நம்ம தலையிலதான் எறங்குதுன்னு வீட்டை மாத்தணும்ங்கிறாரு. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

மேலூர்_மாப்ள:
சிம்மை மாத்து மாப்ள, வேலை முடிஞ்சது 😂

டவர்_ஏறி:
சிம்மை மாத்துறதுக்கு முன்னாடி அந்த டவர்ல உங்க கம்பெனி இருக்கான்னு பாருங்க தம்பி. டவர் ஒருத்தன்து, அதுல வாடகைக்கு ஆன்டெனா மாட்டுறவய்ங்க வேற. உங்க கம்பெனி அதுல இல்லாட்டி டவர் உங்க வீட்டுக்குள்ளயே நின்னாலும் பிரயோசனம் இல்ல.

இருக்குன்னே வச்சுக்குவோம். உச்சில நீளமா பலகை மாதிரி தொங்குதுல்ல, அதுதான் ஆன்டெனா, பெரும்பாலும் மூணு பக்கத்துக்கு மூணு, ஒவ்வொண்ணும் 120 டிகிரிய பாத்துக்கும். அகலவாக்குல நல்லா விரியும் ஆனா மேல கீழ ரொம்ப ஒடுக்கம், பத்து டிகிரிக்குள்ளதான் இருக்கும், டார்ச் லைட்டை உச்சில படுக்க வச்சு லேசா குனிய விட்ட மாதிரி. 35 மீட்டர் ஒசரத்துல 5 டிகிரி சாய்ச்சு வச்சா அந்த வெளிச்சத்தோட நடு 400 மீட்டர் தள்ளிப் போய்த்தான் தரையத் தொடும், அங்கதான் உங்க சித்தி வீடு இருக்கும்னு நெனைக்கிறேன். அடியில இருக்குற உங்களுக்கு ஓரத்துல கசியுறதுதான். அதுக்கு மேல காங்கிரீட் சுவரு வேற, 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் அலையெல்லாம் சுவருக்குள்ள நுழைய ரொம்ப திணறும், 900 கொஞ்சம் தேவலாம்.

வைகைக்கரை:
அப்பாகிட்ட இதையும் சொல்லுங்க. இந்தியாவுல டவர் கதிர்வீச்சுக்கு வச்சிருக்குற வரம்பு 2012 செப்டம்பர்லருந்து சர்வதேச வரம்புல பத்துல ஒரு பங்கு. அதவிட, சிக்னல் கம்மியா இருக்கும்போது டவருக்கு எட்டணும்னு போன் தன்னோட பவரை ஏத்திக்கிட்டே போகும், 4ஜில அதிகபட்சம் 0.2 வாட், டவரோட பவரோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல, ஆனா அது காதோட ஒட்டி இருக்குல்ல. டவர் தூரமா போனா நல்லதுன்னு நெனைக்கிறவங்க இதை யோசிக்கிறதே இல்ல. சட்டுனு சரியாகணும்னா வீட்டு வைஃபைல வைஃபை காலிங் ஆன் பண்ணிப் பாருங்க, கால் டவருக்குப் பதிலா இன்டர்நெட் வழியாப் போகும்.

ஒத்தக்கடை_பய:
நன்றிண்ணே. செட்டிங்ஸ்ல சிம் ஸ்டேட்டஸ் பாத்தேன், சிக்னல் அளவு அடுப்படில மைனஸ் 113 dBm, மாடில மைனஸ் 97 (மைனஸுக்கு அப்புறம் நம்பர் கூடுனா சிக்னல் கம்மின்னு அர்த்தம்). வைஃபை காலிங்ல இப்ப நல்லா கேக்குது. அப்பா அடுத்த கேள்வி கேக்குறாரு, டவர்ல வெள்ளையா முரசு மாதிரி வட்டமா இருக்கே, அது நம்ம வீட்டைப் பாத்துத்தான் திரும்பியிருக்காம்.

டவர்_ஏறி:
அது அடுத்த டவரோட நேருக்கு நேரா பேசுறது தம்பி, ஃபைபர் கேபிள் போகாத எடத்துல அதுதான் லைன். உங்க வீட்டு தலைக்கு மேல தாண்டிப் போயிரும். வீட்டையெல்லாம் மாத்தச் சொல்லாதீங்க.