கொத்தவரை வத்தலில் பூஞ்சணம், எங்கே தப்பு?

கேள்வி: ஸ்ரீரங்கத்து மருமகள்

கொல்லையில் 12 வெண்டைச் செடி, 2 பாத்தி கொத்தவரை, மாமனார் வைத்த பங்கனபள்ளி மாமரம் ஒன்று. சித்திரை பிறந்ததும் எல்லாம் சேர்ந்து காய்த்துத் தள்ளுகின்றன. ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தால் வெண்டைக்காய் சுள்ளியாகி நிற்கிறது, கத்தி இறங்கவில்லை. நான் கூடையோடு வாசல்படி இறங்கினாலே எதிர் வீட்டு மாமி, "நேத்திக்குக் குடுத்ததே இருக்குடி" என்று கதவைச் சாத்துகிறார்.

சரி, விஷயம் கொத்தவரை. போன வருஷம் உப்புப் போட்டு வேகவைத்து, மூன்று நாள் மாடியில் காயவைத்து, பாட்டிலில் அடைத்தேன். ஆடியில் வத்தக்குழம்புக்குத் திறந்தால் வெள்ளையாகப் பூஞ்சணம். மொத்தத்தையும் கொட்டினேன். எங்கே தப்பு? அப்புறம், மாங்காய் பறித்தால் பால் வழிந்து தோல் கறுத்துப்போகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: கோவில்பட்டி அத்தை

மூன்று நாள், நாலு நாள் என்று கணக்கு வைக்காதே அம்மா. ஒடித்துப் பார். படக்கென்று ஒடியணும், வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய் முழுக்க வேகவும் கூடாது. நிறம் மாறியதும் வடித்து, வேட்டித் துணியில் பரப்பிவிடு. சாயங்காலக் காற்று படுவதற்குள் உள்ளே எடு. பாட்டிலில் எப்போது அடைத்தாய்? மாடியிலிருந்து இறக்கிய சூட்டோடு என்றால் அங்கேதான் வியர்த்திருக்கும். முற்றிய வெண்டையில் நல்ல செடியாகப் பார்த்து நாலு காயை அப்படியே விடு, காய்ந்து வெடிக்கும்போது விதைக்கு எடுக்கலாம்.

பதில்: சேலத்து மாந்தோப்பு

காம்பை ஒரு விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். பிறகு காம்பை ஒடித்து, காயைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்தால் பால் தரையோடு போய்விடும். முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்ட இடம் புண்ணாகும். காம்பைச் சுற்றித் தோள்பட்டை எழும்பிய காயாகப் பறித்தால் வைக்கோலிலேயே பழுக்கும். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

மறுபடி: ஸ்ரீரங்கத்து மருமகள்

அத்தை, கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். மழை மேகம் பார்த்துப் பயந்து, அள்ளிக்கொண்டு ஓடிவந்து சுடச்சுட அடைத்தேன். இன்று 2 கிலோ கொத்தவரை துணியில் கிடக்கிறது, காக்காய்க்குக் காவல் நான்தான். பச்சைக் காய் வேண்டாமென்ற மாமி, வத்தல் என்றதும் தனக்கு ஒரு டப்பா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.