பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகள்: ஹோட்டலுக்கு விடலாமா?

தண்ணீர்மலையான்:
லிட்டில் இந்தியா பக்கம் எங்கள் வரிசையில் நான்கு கடைவீடுகளை ஒரே ஆள் வாங்கிவிட்டார். சொகுசு ஹோட்டல் வரப்போகிறது. மாடியில் குடியிருப்பவர்களுக்கும், கீழே அஞ்சடியில் (கடை முன்னால் இருக்கும் கூரையிட்ட நடைபாதையில்) பூ கட்டும் அக்காவுக்கும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். மாநகர் மன்றத்துக்கு ஆட்சேப மனு தயாராகிறது. கையெழுத்துப் போட வாருங்கள்.

கடைவீட்டு வாரிசு:
நான் போடமாட்டேன் அண்ணே. 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அந்த வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூட வழியில்லை. ஒழுகுகிறது என்று குடியிருப்பவர்கள் வந்து நிற்கும்போதெல்லாம் அப்பா தலைகுனிந்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2000 ஜனவரியில் சட்டம் போன பிறகுதான் மூச்சு விட்டோம். இப்போது பணம் போட்டுச் சரிசெய்ய வருபவரையும் துரத்தினால் வீடு இடிந்துதான் விழும்.

தண்ணீர்மலையான்:
உங்கள் அப்பாவின் கஷ்டம் உண்மை. சட்டம் போனதும் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். வாடகை ஏறியது, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவோடு நம் ஊரையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெறும் சுவருக்காக அல்ல; பல இனத்தார் அருகருகே வாழும் வாழ்க்கையையும் காரணமாகச் சொன்னார்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு வீதி கோயில் வீட்டிலிருந்து புறப்படும்போது வாசலில் தேங்காய் குவித்துக் காத்திருப்பது யார்? இரண்டு நாள் தங்க வந்தவரா?

சுண்ணாம்புக்காரன்:
பழைய வீடு பழுதுபார்ப்பது என் தொழில், அதனால் சொல்கிறேன். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறிவிடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல் உப்புப் பூத்து உதிரும். அறைக்கு ஒரு குளியலறை வேண்டுமென்று நடுமுற்றத்தை அடைத்தால் காற்றும் வெளிச்சமும் அதோடு போச்சு. முகப்பு மட்டும் பளபளக்கும். நல்ல வேலை செய்த ஹோட்டல்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பணம் வந்தாலே வீடு பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

கடைவீட்டு வாரிசு:
சரி, சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று விதி வையுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடியிருப்பவரை வைத்துக் காப்பாற்றும் செலவை மறுபடியும் உரிமையாளர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஊருக்கே பெருமை என்றால் செலவிலும் ஊருக்குப் பங்கு வேண்டும்.

தண்ணீர்மலையான்:
இது நியாயம். பழைய குடித்தனக்காரரை வைத்துக்கொள்ளும் உரிமையாளருக்குப் பழுதுபார்ப்பு மானியமும் வரிச்சலுகையும் மனுவில் கேட்கிறேன். சீனர்களின் கொங்சிகள் என்ற குலச் சங்கங்களிடமும் பள்ளிவாசல் வக்ஃப் என்ற அறக்கொடைச் சொத்திலும் நிறைய வீடுகள் இருக்கின்றன. லாபத்துக்காகத் தொடங்கியவை அல்ல அவை. முதலில் அங்கே பேசிப் பார்க்கலாம். ஆனால் இந்த நான்கு வீடும் ஹோட்டலாகக் கூடாது என்ற வரியை எடுக்கமாட்டேன்.

கடைவீட்டு வாரிசு:
அந்த வரி இருக்கும்வரை என் கையெழுத்து இல்லை அண்ணே. யாருக்கு விற்பது என்பது உரிமையாளர் பாடு. மானியத்துக்குத் தனி மனு எழுதுங்கள், முதல் ஆளாகப் போடுகிறேன்.

தண்ணீர்மலையான்:
இரண்டாகவே எழுதுகிறேன். ஆட்சேப மனு நாளைக்கே போக வேண்டும், பூக்கார அக்காவுக்கு மாதக் கடைசிவரைதான் தவணை.