மண்சரிவு எச்சரிக்கை லயத்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள்: மலையக அனுபவங்கள்

மேட்டுலயத்தான் எழுதியது:

நான் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்ததும் அலுவலக மேசையில் உட்கார்ந்து பார்த்ததும் இரண்டுமே எனக்குள் இருப்பதால் இதை எழுதுகிறேன். உங்கள் பக்கத்து அனுபவங்களையும் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தெரிஞ்சவங்க ஏன் தெரியாதவங்ககிட்ட சொல்லல?" அந்தக் கேள்வியோடுதான் நான் அரச வேலைக்கு வந்தேன்.

எச்சரிக்கை வரும் வழியைச் சொல்கிறேன். மழையளவைப் பார்த்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் சிவப்புத்தான். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் போய், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வந்து, பிரதேச செயலாளருக்கு வந்து, கிராம உத்தியோகத்தரிடம் (ஜி.எஸ்.) வரும். பொலிசுக்கும் போகும். அதுவரை வழி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் சிக்கல். எங்கள் பக்கம் ஒரு ஜி.எஸ். பிரிவுக்குள் பல தோட்டப் பிரிவுகள் இருக்கின்றன. பாதை தோட்டத்துடையது, லயம் தோட்டத்துடையது, காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. ஜி.எஸ். தோட்டத் துரைக்கு (மனேஜருக்கு) போன் எடுப்பார். துரை கங்காணிக்குச் சொல்ல வேண்டும். கங்காணி லயத்துக்கு நடக்க வேண்டும். இரவு நேரத்தில், கரண்ட் இல்லாத மழையில், அந்தக் கடைசி ஒரு மைல் யாருடைய வேலை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் கடைசி லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் இறங்கி இரண்டு காம்பராக்களின் (லயத்து வீடுகளின்) சமையல் கட்டு உடைந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) ஒரு கூட்டம் போட்டோம். ஜி.எஸ். மிஸ் வந்தார், பொலிசில் இருந்து ஒரு சார்ஜன் வந்தார், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா, சின்னத்துரை (உதவி மனேஜர்), பிரதேச சபை உறுப்பினர் ஒருவர், பதுளையில் இருந்து ஒரு புவிச்சரிதவியலாளர், கோயில் கமிட்டி, சங்கத் தலைவர்மார், கொழுந்து மலையில் இருந்து நேராக வந்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். முதல் அரை மணி நேரம் ஒவ்வொருவரும் தங்கள் அதிகாரம் எதுவரை என்று சொன்னார்கள். அதில் பொய் இல்லை. எல்லோருக்கும் மேலே ஒரு சுற்றறிக்கை இருக்கிறது.

அப்போது பின்னால் நின்ற ஒரு பாட்டி கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு வந்து எங்க கதவத் தட்டுவாங்க?" நான்தான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஜி.எஸ். மிஸ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதலாம் நம்பர் லயம் என்று எழுதினார். எங்கள் திட்டம் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேர், ஒரு ஆண் ஒரு பெண். அந்த லயத்தில் நடக்க முடியாதவர் யார், வயிற்றுப்பிள்ளைக்காரி யார், இன்சுலின் ஊசி போடுகிறவர் யார் என்பது அவர்கள் இருவருக்கும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். புவிச்சரிதவியலாளர் எங்களோடு மலை ஏறினார். தரையில் விரிந்த வெடிப்பு, சாய்ந்த சவுக்கு மரம், முன்பு இல்லாத இடத்தில் ஊறும் தண்ணீர், திடீரென்று கலங்கிவரும் பீலித் தண்ணீர், இறுகிப்போய்த் திறக்க முடியாத கதவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓடை வழியாக இறங்கும் குறுக்குப் பாதையை மழைக் காலத்தில் தொடவே வேண்டாம் என்றார். எல்லோரும் ஓடிப்போக நினைத்திருந்த பள்ளிக்கூடம் வெட்டிய மண்மேட்டின் அடியில் நிற்கிறது, அது பாதுகாப்பான இடம் இல்லை என்றும் சொன்னார். அது எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. பிறகு ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் மாடியைத் தெரிவு செய்தோம். அதற்குக் கம்பனியின் கடிதம் வரவும், திறப்பின் ஒரு பிரதியை ஸ்டோர் காவலாளியிடம் வைக்கவும் மாதக்கணக்கில் எடுத்தது. சின்னத்துரை விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கரண்டும் போனும் இல்லாவிட்டால் எப்படி எழுப்புவது? ஒலிபெருக்கி, சைரன் என்று பல யோசனைகள் வந்தன. கோயிலில் தப்பு (பறை) அடிக்கிற மாமாதான் சொன்னார், "அந்தக் காலத்துல தப்பு அடிச்சுத்தானே காலைல வேலைப் பெரட்டுக்கு எழுப்புனாங்க, உசிரக் காப்பாத்த அடிச்சா எழும்ப மாட்டாங்களா?" என்று. தப்பே எங்கள் சைரன் ஆனது. நிற்காமல் அடித்தால் வெளியேறு என்று அர்த்தம்.

2025 நவம்பர் கடைசி வாரம் டித்வா புயல் வந்தது. 27 ஆம் திகதி இருட்டியபோது கரண்ட் இல்லை, கொஞ்ச நேரத்தில் போனும் செத்துவிட்டது. மேலே இருந்து வரும் செய்தி எதுவும் எங்களுக்கு வர வழியில்லை. லயத்துப் பிள்ளைகள் கட்டி வைத்திருந்த மழைப் போத்தல் (மழை அளக்கும் போத்தல்) 100 மில்லிமீற்றரைத் தாண்டியது. சிவப்பு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. தப்பு அடித்தார்கள். நாலு லயமும் தேயிலை வழியாக நடந்து ஸ்டோருக்குப் போனது. ஒரு தாத்தா மாட்டை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மாட்டையும் அவிழ்த்துக் கொண்டுதான் வந்தார்கள். ஜி.எஸ். மிஸ் நனைந்துகொண்டே நடந்து வந்து பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஆட்களை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். விடிந்து பார்த்தபோது கடைசி லயத்தின் பாதி இல்லை.

அன்றைக்கு அந்த மாடியில் நான் அழுதேன். மீரியபெத்தைக்கும் இப்படி ஒரு வெள்ளைத் தாள் கிடைத்திருக்கலாமே என்றுதான்.

நோர்வூட் கொழுந்து எழுதியது:

அண்ணே, வாசித்து முடிக்க முடியவில்லை, இரண்டு தடவையில் வாசித்தேன். எங்கள் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். பிரதேச சபை ஏன் தோட்டத்துக்குள் எதுவும் செய்வதில்லை என்று நாங்கள் சின்ன வயதில் கேட்டால் சட்டம் விடாது என்பார்கள். உண்மைதான். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு குறுக்கே நின்றது. வாக்குக் கேட்க வரலாம், கான் (வடிகால்) கட்ட வரமுடியாது என்ற நிலைமை. 2018 இல்தான் அதைத் திருத்தினார்கள். அம்பகமுவ சபையைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா சபைகள் வந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான்.

சட்டம் மாறினாலும் உடனே யாரும் வரவில்லை. எங்கள் லயத்தில் இருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் படி வழுக்கி இரண்டு பேருக்குக் கால் முறிந்த பிறகு, மாதர் சங்கத்துப் பெண்கள் சபை உறுப்பினரையும் தோட்ட நிர்வாகத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரவழைத்தார்கள். அதுதான் முக்கியம். தனித்தனியாகப் போய்க் கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். இரண்டு பேரும் அந்தப் படியில் ஏறி இறங்கினார்கள். நிர்வாகம் இடத்துக்குச் சம்மதக் கடிதம் கொடுத்தது, சபை சீமெந்தும் இரும்புக் கைப்பிடியும் கொடுத்தது, ஆட்கள் மண் சுமந்தார்கள். டித்வா நேரம் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் என் ஆச்சி இறங்கினார்.

பழைய கணக்கப்பிள்ளை எழுதியது:

தம்பி மேட்டுலயத்தான், மழைப் போத்தல் பற்றி எழுதியது சந்தோஷம். தோட்டங்களில் மழை அளப்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். ஒவ்வொரு நாள் காலையும் அளந்து பதிவேட்டில் எழுதுவோம், எத்தனையோ வருடக் கணக்கு அலுவலக அலுமாரியில் இருக்கும். அது உரம் போடவும் கவ்வாத்து வெட்டவும் மட்டும் பயன்பட்டது. லயத்தில் தூங்குகிற ஆளுக்கு அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று என் 31 வருட வேலையில் எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது மனம் வலிக்கிறது.

இன்னொன்று, கான். முன்பு மலைக்கு மலை கான் வெட்ட ஒரு கூட்டம் ஆட்கள் இருப்பார்கள். மழைத் தண்ணீரைக் குறுக்கே வாங்கி மெதுவாக ஓடைக்குக் கொண்டுபோய் விடும். ஆள் குறையக் குறைய முதலில் நின்ற வேலை அதுதான். கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண் பாரமாகும், பிறகு பிடிமானம் விட்டுப்போகும். கூட்டத்தில் எத்தனை உத்தியோகத்தர் உட்கார்ந்தாலும், லயத்துக்கு மேலே இருக்கிற கானைத் துப்புரவு செய்வது யார், எந்த மாதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒக்டோபர் மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

பிள்ளை மடுவத்து அக்கா எழுதியது:

பகலில் மலை இறங்கினால் தாய்மார் எல்லாம் கொழுந்து மலையில் இருப்பார்கள். கைக்குழந்தைகள் என்னிடம். நான் ஒருத்தி, உதவிக்கு இன்னொருத்தி. எல்லாப் பிள்ளைகளையும் எப்படித் தூக்குவது? எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்டேன். குடும்ப சுகாதார மருத்துவ மாதுதான் யோசனை சொன்னார். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிற ஐந்து பெண்கள், தப்புச் சத்தம் கேட்டால் கூடையைப் போட்டுவிட்டு மடுவத்துக்கு ஓடி வர வேண்டும், யாருடைய பிள்ளை என்று பார்க்காமல் கைக்கு ஒன்றாகத் தூக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பெயர் வெட்டமாட்டோம் (சம்பளத்தைக் குறைக்கமாட்டோம்) என்று துரை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்காக நாங்கள் மூன்று கூட்டம் போனோம்.

நாவலப்பிட்டி மகன் எழுதியது:

மண்சரிவு இல்லை, ஆனால் இதோடு சேர்ந்ததுதான். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த இரவு அம்புலன்சுக்கு எடுத்தோம். முகவரி கேட்டார்கள். எங்களுக்கு முகவரி என்று இருப்பது தோட்டத்தின் பெயர் மட்டும்தான். தோட்டத்தில் மூன்று பிரிவு, வண்டி வேறு பிரிவுக்குப் போய்விட்டது. அப்பா பிழைக்கவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. அந்த டிரைவர் எங்களைத் தேடி இருட்டில் எவ்வளவோ அலைந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நானும் நண்பர்களும் ஜி.எஸ்., தபாற்காரர், தோட்டத்து வெல்பெயார் (நலன்புரி) ஐயா மூவரையும் சேர்த்து எல்லா லயத்துக்கும் பிரிவுப் பெயர், லய நம்பர், காம்பரா நம்பர் போட்டுப் பலகை அடித்தோம். பெரிய ரோட்டில் திரும்புகிற இடத்தில் மூன்று மொழியிலும் அம்புக்குறி. அதே வரைபடத்தின் பிரதி பொலிசிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. பெயின்ட் செலவு ஒரு தீபாவளிச் சட்டைக்காசு கூட வராது. கடிதங்களும் இப்போது வீட்டு வாசலுக்கே வருகின்றன.

மேட்டுலயத்தான் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவை நினைத்து இன்றைக்கு முழுக்க மனம் சரியில்லை. பலகை யோசனையை நாளைக்கே எங்கள் ஜி.எஸ். மிஸ்ஸிடம் சொல்கிறேன். ஐயா, கான் விஷயம் எங்கள் தாளில் இல்லவே இல்லை, சேர்த்துவிட்டேன்.

ஒன்றை நான் மறைக்கக்கூடாது. உயிர் தப்பிய பிறகு நடந்தது நல்ல அனுபவம் இல்லை. ஸ்டோர் மாடியில் நாட்கணக்கில் இருந்தோம், அத்தனை பேருக்கு நாலு மலசலகூடம். நிவாரணப் படிவம் சிங்களத்தில் மட்டும் வந்தது, இரவிரவாக உட்கார்ந்து நாங்கள் நிரப்பினோம். இப்போதும் மூன்று லயத்து ஆட்கள் அதே சரிவுக்குக் கீழேதான் படுக்கிறார்கள். புது வீட்டுக்குக் காணி வேண்டும் என்றால் கம்பனி விட வேண்டும், நிலத்தைப் பரிசோதித்து ஆபத்தில்லை என்று சொல்ல வேண்டும், அமைச்சு பணம் ஒதுக்க வேண்டும், சபை பாதையும் தண்ணீரும் தர வேண்டும். இரவு வெளியேறுவதற்கு ஒரே மேசையில் உட்கார்ந்த அதே ஆட்கள் இதற்கும் உட்கார வேண்டும் என்று கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

மழைப் போத்தல் எப்படிச் செய்வது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: நேரான பக்கம் உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேல்பக்கத்தை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, புனல் மாதிரிக் கவிழ்த்து வையுங்கள். அடியில் வளைவு மறையும் வரை கூழாங்கல் போட்டு, அந்த மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி அங்கே சுழியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேலே அடிமட்டத்தை ஒட்டினால் ஒரு மில்லிமீற்றர் உயரம் ஒரு மில்லிமீற்றர் மழை. கூரையோ மரமோ மறைக்காத வெளியில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30 க்குப் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கோடு வரை குறையுங்கள். 75, 100, 150 என்ற மூன்று இடத்திலும் நிறம் பூசுங்கள், எழுத்துத் தெரியாதவர்களும் பார்ப்பார்கள். போத்தல் சின்னதாக இருந்து 150 எட்டாவிட்டால் இடையில் ஒருமுறை ஊற்றிக் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். போன் வேலை செய்தால் 117 க்கு (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) அடித்துச் சொல்லுங்கள். வெடிப்போ கலங்கல் தண்ணீரோ கண்டால் போத்தல் எந்த நிறத்தில் நின்றாலும் காத்திருக்க வேண்டாம், தப்பை எடுங்கள்.