சாயப்பட்டறைப் பாக்கியை யாரிடம் கொடுப்பது?

திருப்பூர் சித்தப்பா: கண்ணு, கோர்ட்டில் இருக்கிறாயா? அவசரம். சாயப்பட்டறைக்கு 2,75,000 பில் பாக்கி. அங்கே பங்குதாரர்கள் 2 பேர். வசூலுக்கு எப்போதும் சின்னவர்தான் வருவார், 8ஆம் தேதியும் வந்தார், 1,50,000 ரொக்கமாகக் கொடுத்தேன். இன்றைக்குப் பெரியவர் மெசேஜ் போடுகிறார், அந்தப் பணம் கணக்கில் ஏறவே இல்லையாம், திரும்பக் கட்ட வேண்டுமாம்!

ஈரோடு மாமா: அதெப்படி மாப்பிள்ளை ஒரே பில்லுக்கு இரண்டு தடவை கட்டுவது? அவர்கள் சண்டையை அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

சித்தி: ரொக்கமாகக் கொடுக்காதீர்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

வக்கீல் அக்கா: இப்போதுதான் வெளியே வந்தேன் சித்தப்பா. ரசீது கொடுத்தாரா? யார் பெயரில்?

திருப்பூர் சித்தப்பா: பட்டறையின் அச்சடித்த ரசீது, சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வக்கீல் அக்கா: அப்படியானால் அந்த 1,50,000 பற்றிக் கவலையே வேண்டாம். 1932ஆம் வருடத்துப் பங்குதாரர் சட்டப்படி ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் ஏஜென்ட், தொழிலில் வர வேண்டிய பாக்கியை வாங்கி ரசீது கொடுப்பது வழக்கமான வேலை, அதற்கு அவருக்குத் தனியாக யாரும் அதிகாரம் எழுதித் தர வேண்டியதில்லை. வாங்கிய பணத்தை அவர் பட்டறைக்குக் கொண்டு போகாமல் சொந்தமாகச் செலவழித்திருந்தாலும் நஷ்டம் நிறுவனத்துக்குத்தான், பிரிவு 27 அதைத் தெளிவாகச் சொல்கிறது.

திருப்பூர் சித்தப்பா: 2 பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ரசீது செல்லும் என்று அவர்கள் பத்திரத்தில் இருக்கிறதாம். பெரியவர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

வக்கீல் அக்கா: அந்தப் போட்டோ எப்போது வந்தது?

திருப்பூர் சித்தப்பா: இன்றைக்குக் காலையில்.

வக்கீல் அக்கா: பணம் கொடுத்தது 8ஆம் தேதி. அன்றைக்கு உங்களுக்குத் தெரியாத கட்டுப்பாடு உங்களைக் கட்டாது, பிரிவு 20. ஆனால் இனிமேல் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

ஈரோடு மாமா: அவர்கள் 2 பேருக்கும் ஆகவில்லை என்று தீபாவளிக்கே ஊருக்குத் தெரியுமே, அதை வைத்து மடக்க மாட்டார்களா?

வக்கீல் அக்கா: சண்டை என்று தெரிவது வேறு மாமா, வசூலிக்க அதிகாரம் இல்லை என்று தெரிவது வேறு. சித்தப்பா, சின்னவர் விலகிவிட்டார் என்று பேப்பரில் அறிவிப்பு ஏதாவது வந்ததா?

திருப்பூர் சித்தப்பா: இல்லை, இன்னமும் பட்டறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வக்கீல் அக்கா: சரி. விலகியிருந்தாலும் பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிப்புப் போட வேண்டும், அதுவரைக்கும் அவர் செய்தது நிறுவனம் செய்ததாகத்தான் ஆகும்.

திருப்பூர் சித்தப்பா: நல்லது கண்ணு. அப்போது மிச்சம் ஒரு லட்சம் கொடுத்தால் முடிந்தது.

வக்கீல் அக்கா: ஒரு லட்சமா? கழித்தால் 1,25,000 வருகிறதே!

திருப்பூர் சித்தப்பா: சின்னவர் எனக்குத் தனியாக 20,000 தர வேண்டும், மகள் காலேஜ் ஃபீஸுக்கு வாங்கியது. அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். கடைசி லாட்டில் கலர் கொஞ்சம் மாறிவிட்டது, அதற்கு 5,000 தள்ளுபடி.

வக்கீல் அக்கா: அந்த 20,000 கழிக்க முடியாது சித்தப்பா. அது அவருடைய சொந்தக் கடன், பட்டறைப் பணத்தில் அதை அடைக்கப் பெரியவர் சம்மதிக்க வேண்டும். பணத்தை வாங்கலாம், ஆனால் நிறுவனத்துக்கு வர வேண்டியதை ஒரு பங்குதாரர் தானாக விட்டுக்கொடுக்க முடியாது, பிரிவு 19இல் அது தனியாகவே இருக்கிறது. 5,000க்கு வாதாடலாம், கலர் மாறினால் குறைப்பது உங்கள் ஊர்த் தொழில் வழக்கம்தானே. சின்னவரிடம் எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா?

திருப்பூர் சித்தப்பா: பில்லின் பின்பக்கம் எழுதியிருக்கிறார்.

வக்கீல் அக்கா: போதும். 1,20,000க்கு நிறுவனத்தின் பெயரில் அக்கவுண்ட் பேயீ செக் போடுங்கள், 2 பேரில் யார் கையிலும் கொடுக்காமல் நேராக அவர்கள் கரண்ட் அக்கவுண்டில் கட்டிவிட்டு 2 பேருக்கும் ஒரே மெசேஜில் சொல்லிவிடுங்கள்.

திருப்பூர் சித்தப்பா: சின்னவர் அவருடைய ஜிபே நம்பருக்குப் போடச் சொல்கிறாரே.

வக்கீல் அக்கா: வேண்டவே வேண்டாம். இவ்வளவு தெரிந்த பிறகு அதில் போட்டால் நானே பெரியவர் பக்கம் வக்காலத்துப் போடுவேன் 😄 அப்புறம் அந்த ரொக்கத்தை ஆடிட்டரிடம் சொன்னீர்களா? ஒரு நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது.

சித்தி: கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூர் சித்தப்பா: அவரிடம் நாளைக்குப் பேசிக்கொள்கிறேன். என் 20,000க்கு என்ன வழி?

ஈரோடு மாமா: காலேஜில் போய் உட்காருங்கள் மாப்பிள்ளை 😂

வக்கீல் அக்கா: சின்னவரிடம் தனியாக ஒரு கடன் பத்திரம் எழுதி வாங்குங்கள் சித்தப்பா, இன்றைக்கே, அவர் பட்டறையில் இருக்கும்போதே.