500 மைல் கிளட்ச் பஞ்சாயத்து: ஃப்ரீவே மைல் கணக்கில் சேருமா, சேராதா?

மன்சி மாமா
நேற்று பீப்பீப் 383 ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய 1968 பிளிமத் ரோட் ரன்னர் காருக்குப் புது கிளட்ச் செட் போட்டாராம். மறுநாள் விடிகாலையில் மிச்சிகன் மாநிலத்து ட்ராயிலிருந்து ஐ-75 ஃப்ரீவேயைப் பிடித்து வடக்கே மெக்கினா பாலம் வரை போய்த் திரும்பினாராம். புது கிளட்ச் படிந்து பழக 500 மைல் ஓட்ட வேண்டும் என்பார்கள்; அதற்கு மேல் ஓடிவிட்டதால் கிளட்ச் பழகிவிட்டதாம், எல்லாரும் இப்படியே செய்யலாமாம். உபதேசம் வேறு! அதற்கும் லைக் போட ஆள் இருக்கிறது. புதிதாகக் கார் வாங்கியவன் எவனாவது இதை நம்பி, பாலத்தைப் பார்த்துவிட்டு வந்த கையோடு டயரில் புகை கிளப்பி, பிளேட்டைக் கருக்கிக்கொண்டால் யார் பொறுப்பு?

ஃப்ரீவே மைல் கணக்கில் சேராது. நாலாவது கியரில் என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல், அதில் ஒட்டும் கிளட்ச் பிளேட், அதை அழுத்தும் பிரஷர் பிளேட் மூன்றும் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. உரசல் கிடையாது. உரசல் இல்லாமல் எது எதோடு பழகும்? சிக்னலில் நின்று கிளம்பும்போது பெடலை விடுகிறோமே, அந்த ஒன்றிரண்டு நொடிதான் பிளேட் லேசாக வழுக்கி, அதன் மேலிருக்கும் உரசு பட்டையான லைனிங்கின் மேடுகள் தேய்ந்து ஃப்ளைவீல் முகத்தோடு படிகிறது. கிளட்ச் பெட்டிக்குள் வரும் தாளில் அந்த 500 மைலை ஊருக்குள் நின்று நின்று ஓட்டச் சொல்வது அதற்குத்தான். புதுச் செருப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, காலுக்குப் பழகிவிட்டது என்று சொல்வாரா இவர்?

பீப்பீப் 383
வணக்கம் மாமா. என் பெயரில் பஞ்சாயத்து கூட்டியதற்கு நன்றி. அந்தத் தாளில் 500 மைல் என்று எண் போட்டிருக்கிறதா இல்லையா? மைல் என்றால் மைல்தான். என் ஓடோமீட்டருக்கு ஃப்ரீவேயும் ஊருக்குள் இருக்கும் உட்வர்ட் அவென்யூவும் ஒன்றுதான். அப்புறம், ஐ-75ல் வெள்ளிக்கிழமை வடக்கே போனதுண்டா? சாகினா தாண்டுவதற்குள் சில்வாக்கி பாலத்தருகே வண்டிகள் ஊர்ந்த ஊர்வலுக்கு என் இடது கால் மரத்துப்போனது. அதுவும் உங்கள் கணக்கில் சேராதோ?

மன்சி மாமா
சில்வாக்கியில் ஊர்ந்த மைலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தாராளமாக. பாக்கி? கிரேலிங், கேலார்ட் வழியாகப் பாலம் வரை நாலாவது கியரில் போனீர்களே, அது சேராது. பெட்ரோல் போட நின்ற நேரம் தவிர பெடல் மேல் கால் பட்டிருக்காது.

காரேஜ் அக்கா
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லையே. பிளேட் ஆர்கானிக் லைனிங்கா, செராமிக் பட்டன் வைத்ததா? ஆர்கானிக் என்றால் மெதுவாகப் படிய வேண்டும், அவசரப்பட்டுச் சூடேற்றினால் பிசின் மேலே வந்து இறுகிப் பளபளத்துவிடும், அப்புறம் வழுக்கிக்கொண்டே இருக்கும். செராமிக்கின் குணமே வேறு, எடுத்தவுடன் வெடுக்கென்று பிடிக்கும். ஃப்ளைவீலை மெஷின் ஷாப்பில் கொடுத்து முகத்தைச் சீவி மட்டமாக்கினீர்களா, பழையதை அப்படியே போட்டீர்களா? இதெல்லாம் தெரியாமல் 500, 500 என்றால் எப்படி?

பீப்பீப் 383
அக்கா, அது இருக்கட்டும். மாமாவிடம் ஒரே கேள்வி. ஃப்ரீவேயில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதெல்லாம் கிளட்ச் மேல் டார்க், அதாவது முறுக்கு விசை, மாறுகிறதா இல்லையா? என் 383 என்ஜினுக்கு 335 குதிரைத்திறன். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் பிளேட்டுக்குத் தெரியும். அது பழக்கமில்லையா?

மன்சி மாமா
அதைப் பிளேட் நடுவில் இருக்கிற ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். அந்தச் சுருள் ஸ்பிரிங்குகள் எதற்கு இருக்கின்றன என்று நினைத்தீர்கள், அழகுக்கா? மையம் கொஞ்சம் திருகி அமுங்கும், லைனிங் இருந்த இடத்தில் இருக்கும். லைனிங் நகர்ந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று அர்த்தம். 70 மைல் வேகத்தில் உங்கள் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்றால் சொல்லுங்கள், அது வேறு வைத்தியம். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், ஃப்ரீவே மைல் கணக்கில் சேராது.

டர்போ 400
ஆட்டோமேட்டிக் போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. டி-யில் போட்டு ஐஸ் காப்பி குடித்துக்கொண்டே போகலாம்.

மன்சி மாமா
வந்துவிட்டார். என்னுடையது 1966 போன்டியாக் ஜிடிஓ. அந்த வருஷம் அதற்குக் கொடுத்த ஆட்டோமேட்டிக்கில் மொத்தமே இரண்டு கியர். உங்கள் பெயரில் இருக்கிற டர்போ 400 ஆட்டோமேட்டிக், ஜிடிஓவுக்கு 67ல்தான் வந்தது. 389 என்ஜின், மூன்று கார்புரேட்டர், 360 குதிரை, அதற்கு இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் போட்டு ஐஸ் காப்பி குடிக்கவா? குடியுங்கள்.

செவெல்காரன்
நான் ஒரு கணக்கு சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வண்டியைக் கிளப்ப எவ்வளவு வழுக்க வேண்டும் என்பது முதல் கியரையும் பின் ஆக்ஸிலையும் பொறுத்தது. மாமாவின் மன்சி எம்20 கியர் பாக்ஸில் முதல் கியர் விகிதம் 2.52, பின் ஆக்ஸில் விகிதம் 3.55, பெருக்கினால் 8.95. பீப்பீப்புடையது 2.66, ஆக்ஸில் 3.23, பெருக்கினால் 8.59. பெருக்கம் குறைந்தால் வழுக்கல் கூடும், அதாவது ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ரோட் ரன்னர்தான் கொஞ்சம் கூடுதலாக வழுக்கும். எம்21 கியர் பாக்ஸ்காரர்கள் 2.20ஐ வைத்துக்கொண்டு 3.31 ஆக்ஸிலில் கிளம்பிப் பாருங்கள், 7.28தான், கிளட்ச் வாடை கார் முழுக்க அடிக்கும். ஆகவே எல்லாருக்கும் ஒரே 500 என்பதே தப்பு, எத்தனை தடவை நின்று கிளம்பினோம் என்றுதான் எண்ண வேண்டும்.

பீப்பீப் 383
ஆஹா! என் வண்டி கூடுதலாக வழுக்கும் என்றால் எனக்கு மைல் குறைவாகப் போதும். மெக்கினா தாராளம். நன்றி செவெல்காரரே, நியாயஸ்தர் நீங்கள்.

செவெல்காரன்
நான் அப்படிச் சொல்லவில்லை.

மன்சி மாமா
பாருங்கள், என் வண்டியைவிட 0.36 கூடுதல் குறைவு என்று தசம புள்ளி வரை வந்துவிட்டது பஞ்சாயத்து. 8.95 ஆனாலும் 8.59 ஆனாலும் நின்று கிளம்பினால்தான் அந்தக் கணக்குக்கே வேலை. நாலாவது கியரில் போகும்போது பெருக்கி என்ன, வகுத்து என்ன? ஃப்ரீவே மைல் சேராது. செவெல்காரருக்கு ஒரு கேள்வி, உங்கள் டயஃப்ரம் கிளட்ச் (ஒற்றைத் தட்டு ஸ்பிரிங் வைத்தது) 6000 ஆர்பிஎம்மில் பெடலைத் திருப்பித் தருகிறதா, தரையிலேயே வைத்துக்கொள்கிறதா?

செவெல்காரன்
அது அந்தக் காலத்துத் தட்டை விரல் டயஃப்ரம். நான் போட்டிருப்பது விரல் வளைந்தது, அந்த விரல்களைத் தள்ளுவதற்கேற்ற குட்டை ரிலீஸ் பேரிங்கோடு. நெட்டையைப் போட்டால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது, அது தெரியாமல் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். என் வண்டியை ஏன் இழுக்கிறீர்கள்? நான் உங்கள் பக்கம்தானே பேசினேன்?

பீப்பீப் 383
செவெல் மாதிரி செவ்ரலே வைத்திருப்பவர்களுக்குப் பெடல் திரும்பி வந்தாலே திருவிழாதான். எங்களுக்கு மூன்று விரல் போர்க் அண்ட் பெக் வகைக் கிளட்ச். ஆர்பிஎம் ஏற ஏறப் பிடி இறுகும், ஒருநாளும் காலை வாராது.

செவெல்காரன்
ஆமாம், இறுக இறுக உங்கள் முழங்காலும் சேர்ந்து இறுகும். போன வருஷம் அந்தப் பெடலை மிதிக்க முடியாமல் வண்டியை லைனில் அணைத்துப் போட்டது யார் என்று சொல்லட்டுமா?

மன்சி மாமா
சண்டையை நிறுத்துங்கள். பீப்பீப், அக்கா கேட்டதற்கே பதில் வரவில்லை, நான் ஒன்று கேட்கிறேன். கியர் பாக்ஸைக் கழற்றினீர்களே, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுஸிங்கின் மையம் என்ஜின் கிராங்க் மையத்தோடு சேர்கிறதா என்று பார்த்தீர்களா? 5 தவ்வுக்கு மேல் விலகியிருந்தால், அதாவது 0.005 அங்குலம், நீங்கள் மெக்கினா போனாலும் மதுரை போனாலும் கிளட்ச் சரியாக விடாது, கியர் பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ்ஷும் போகும்.

பீப்பீப் 383
எதை வைத்துப் பார்க்க? என் டயல் இண்டிகேட்டரும் காந்த ஸ்டாண்டும் உங்கள் காரேஜில் இருக்கின்றன. 'இரண்டு நாளில் தருகிறேன் தம்பி' என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். குளிர்காலமே போய்விட்டது.

டர்போ 400
😂😂

மன்சி மாமா
அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதன் முள் ஒட்டிக்கொண்டு நின்றது, நான்தான் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். அதற்கும் ஃப்ரீவே மைலுக்கும் என்ன சம்பந்தம்?

பீப்பீப் 383
முள் ஒட்டாமல்தான் கொடுத்தேன். போகட்டும். பழக்குவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, போன ஆகஸ்டில் உட்வர்டில் நடந்த பழைய கார் ஊர்வலமான ட்ரீம் குரூஸில் உங்கள் ஜிடிஓ ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது தடதடவென்று ஆடியதை நாங்கள் எல்லாரும் பின்னாலிருந்து பார்த்தோம். 500 மைலும் ஊருக்குள்ளேயே ஓட்டிய கிளட்ச்தானே அது? போன்டியாக் என்ஜினின் பின்பக்கம் ஆயிலைத் தடுக்கும் மெயின் சீல் கயிறாலானது. அது கசிந்து பெல் ஹவுஸிங்குக்குள் ஆயில் இறங்கி பிளேட் நனைந்தால் எத்தனை சிக்னலில் நின்று கிளம்பினாலும் ஆடத்தான் செய்யும்.

மன்சி மாமா
அது என்ஜின் மவுண்ட்! ரப்பர் பிளந்திருந்தது. மாற்றியாகிவிட்டது. கயிறு சீலைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். சரியாக உருட்டி உட்கார வைத்து, முனையை மட்டமாக வெட்டினால் சொட்டு கசியாது. அடியில் இன்ஸ்பெக்ஷன் கவரைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள், தூசிதான் வரும். கருப்பு கருப்பாக, காய்ந்த லைனிங் தூசி. அதுதான் நியாயமாகப் பழகிய கிளட்ச். உங்களுடையதைக் கழற்றினால் ஒரு சிட்டிகை தூசி கூட இருக்காது, ஏனென்றால் அது தேயவே இல்லை, ஏனென்றால் நீங்கள் ஓட்டியது ஃப்ரீவே.

காரேஜ் அக்கா
தூசி வந்தால் பழகிவிட்டது, வராவிட்டால் பழகவில்லை என்பது இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நான் மஸ்டாங்கில் மாற்றியபோது முதல் வேலையாக ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பும் எண்ணெயை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். துணி பழுப்பு நிறத்தில் வந்துகொண்டே இருந்தது, வெள்ளையாக வரும்வரை விடவில்லை. இதைச் செய்யாதவர்களுக்குத்தான் முதல் நாளே வண்டி ஆடும். பீப்பீப், துடைத்தீர்களா? மறுபடி கேட்கிறேன், ஆர்கானிக்கா செராமிக்கா?

பீப்பீப் 383
துடைத்தேன் அக்கா, கையுறை போட்டுத்தான். மாமா என்ஜின் மவுண்ட் என்று சொன்னதை யாராவது நம்புகிறீர்களா?

செவெல்காரன்
மவுண்ட் போனாலும் ஆடும். அதில் மாமா சொல்வது சரி.

பீப்பீப் 383
இப்போது அவர் பக்கமா? முதலில் எனக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தீர்களே?

மன்சி மாமா
அவர் உண்மையின் பக்கம். முதல் மசில் காரே (பெரிய என்ஜின் வைத்த வேகக் கார்) ஜிடிஓதான், 1964ல் இருந்து இந்த வண்டிகளில் கிளட்ச் மாற்றியவர்கள் எல்லாம் முட்டாள்கள், நாலு வருஷம் கழித்து 'பீப் பீப்' என்று கார்ட்டூன் பறவையின் ஹாரனை வைத்துக்கொண்டு வந்தவர் அறிவாளி.

பீப்பீப் 383
ரோட் ரன்னர் என்ற அந்தப் பறவையின் பெயருக்கு வார்னர் பிரதர்ஸிடம் காசு கொடுத்து உரிமை வாங்கினார்கள். உங்கள் ஜிடிஓ? ஃபெராரி வைத்திருந்த பெயரைச் சும்மா எடுத்துக்கொண்டதுதானே? முதல் மசில் காராம். ஓல்ட்ஸ்மொபில் ராக்கெட் 88 1949லேயே வந்துவிட்டது.

டர்போ 400
அதிலும் ஆட்டோமேட்டிக் இருந்தது. சும்மா சொல்கிறேன்.

மன்சி மாமா
ராக்கெட் 88ஐ மசில் கார் என்று சொல்கிறவரிடம் நான் கிளட்ச் பேசியது என் நேரம். இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். புது பிளேட் போட்டால் ஊருக்குள் ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் மெதுவாகக் கிளப்புங்கள், மேட்டில் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்க வைக்காதீர்கள், கருகின வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். டயர் கதற வேண்டும் என்று கை அரித்தால் 500 முடியட்டும். அவசரப்பட்டால் ஃப்ளைவீலில் நீலத் திட்டு விழும், அந்த இடம் இறுகிப்போய் அப்புறம் ஒவ்வொரு கிளப்பலுக்கும் உதறும். அந்த 500ல் ஃப்ரீவே மைல் சேராது, எக்ஸிட்டில் இறங்கி சிக்னலில் நின்றால் அந்தத் துண்டு மட்டும் சேரும்.

பீப்பீப் 383
அதாவது சில்வாக்கி சேரும், எக்ஸிட் சேரும், பெட்ரோல் பங்க் சேரும். கொஞ்சம் கொஞ்சமாக என் மெக்கினா முழுசும் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

மன்சி மாமா
சேராது!

காரேஜ் அக்கா
நான் போய் வேலையைப் பார்க்கிறேன்.

பீப்பீப் 383
மாமா, சனிக்கிழமை நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஐ-75ல்தான் வருவேன். உங்கள் தெருமுனை ஸ்டாப் சைனில் நின்று கிளம்பிக் காட்டுகிறேன், ஒரு உதறல் இருந்தால் சொல்லுங்கள். டயல் இண்டிகேட்டரை எடுத்து வெளியே வையுங்கள்.

மன்சி மாமா
சனிக்கிழமை நான் ஊரில் இல்லை. ஒருமுறை உதறாமல் கிளம்பினால் பழகிவிட்டது என்று எந்தத் தாளில் போட்டிருக்கிறது?

செவெல்காரன்
மாமா, என் டார்க் ரெஞ்சும் உங்களிடம்தான் இருக்கிறது என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.