போட்டிச் சுடுதலில் பெற்ற பயிற்சி ஆயுதத் தற்காப்புக்கு உதவுமா?

கேள்வி – பண்டாரவளை வாசகர்

வணக்கம். என் அண்ணா ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி முகாமையாளராக இருக்கிறார். பங்களா தனித்திருப்பதால், அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறார். பாடசாலைக் காலத்தில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டிகளில் பதக்கம் பெற்றவர் என்பதால், இரவில் கொள்ளையர் புகுந்தாலும் சமாளித்துவிடலாம் என்று உறுதியாக நம்புகிறார். எனக்கும் அண்ணிக்கும் அந்த உறுதிதான் அச்சம் தருகிறது. அவர் எண்ணுவது சரியா?

பதில் – கண்டி, சுடுதல் பயிற்றுநர்

தம்பி, அவர் கற்றதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எந்தத் துப்பாக்கியையும் குண்டு ஏற்றப்பட்டதாகவே கருதுவதும், சுட முடிவெடுக்கும் வரை விசையில் விரல் வைக்காதிருப்பதும் அந்த விளையாட்டில் ஊறிப்போகும் பழக்கங்கள். ஆனால் எயார் ரைபிள் தகுதிச்சுற்றில் 60 சூடுகளுக்கு 75 நிமிடங்கள் உண்டு. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ அரை மில்லிமீற்றர்தான். விறைப்பான மேலங்கி அணிந்து, அசையாது நின்று, மனம் ஒப்பாவிட்டால் துப்பாக்கியை இறக்கி மீண்டும் குறிபார்க்கலாம். நள்ளிரவில் கதவு உடைபடும்போது இந்த வசதிகளில் எதுவும் கிடைக்காது.

1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஐபிஎஸ்சி (சர்வதேச செயன்முறைச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிமுறை இதைவிடச் சற்று நெருங்கி வருகிறது. அதில் நகர்ந்துகொண்டே சுட வேண்டும். பெற்ற புள்ளிகளை எடுத்த நேரத்தால் வகுத்தே தரம் கணிக்கப்படும். சுடக்கூடாத அட்டையில் பட்டால் 10 புள்ளிகள் போய்விடும். ஆயினும் அங்கும் போட்டியாளர் களத்தை முன்கூட்டியே நடந்து பார்த்துக்கொள்கிறார். யாரும் அவரைத் திருப்பிச் சுடுவதில்லை. எதைச் சுடலாம் என்பதை அட்டையே சொல்லிவிடுகிறது.

பதில் – ஹட்டன் வாசகி

ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். துவக்கை அலுமாரியில் பூட்டிவைத்து, ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதோடு நின்றுவிடுபவரை விட, நடுவர் முன்னிலையில் கை நடுங்கச் சுட்டுப் பழகியவர் எவ்வளவோ மேல். பதற்றத்திலும் கை தன் வேலையைச் செய்யும் என்பதை அவர் ஓரளவாவது அறிந்திருப்பார்.

பதில் – நுவரெலியா, சட்டத்தரணி

கையின் வேலை அதுதான். முடிவெடுப்பது வேறு வேலை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89ஆம் பிரிவு முதல் தற்காப்புரிமையை அங்கீகரிக்கிறது, ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய அது இடமளிப்பதில்லை. இரவில் பங்களாக் கதவைத் தட்டுபவர் கொள்ளையராகவும் இருக்கலாம். காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தோட்ட லொறியைக் கேட்டு வந்த தகப்பனாகவும் இருக்கலாம். மலையகத்தில் இரண்டாவது வகையினரே மிகுதி என்பதை உங்கள் அண்ணாவும் அறிவார். அந்த ஒரு கணத்தில் ஆளை அடையாளம் காண எந்தப் பதக்கமும் கற்றுத் தருவதில்லை.

பதில் – கண்டி, சுடுதல் பயிற்றுநர்

சட்டத்தரணி அம்மா சொன்னதையே அண்ணாவிடம் முதலில் பேசுங்கள். வாசலில் வெளிச்சமான விளக்கும், உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓர் அறையும், பொலிஸின் 119 இலக்கத்தை அழைக்க அந்த அறையிலேயே ஒரு தொலைபேசியும் இருக்கட்டும். வந்தவர் யாரென்று உள்ளிருந்தே உரக்கக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க அவர் பழக வேண்டும். தோட்டாக்களைத் துவக்கிலிருந்து பிரித்து வேறிடத்தில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இதை இன்றே செய்யுங்கள்.